அரண்மனையின் அழகும் அறமும்: ஜேர்மனிய அரண்மனைகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

இமானுவேல் கான்ற் 1790ஆம் ஆண்டு வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய விமர்சன நூலின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் அரண்மனையை நம் முன் நிறுத்துகிறார். கண்முன் நிற்கும் அவ்வரண்மனை அழகானதா என்று ஒருவனை வினவுகின்றனர். அவன் பலவாறு மறுமொழி கூறலாம். வாய்பிளந்து நோக்குவதற்கென்றே கட்டப்பட்டவற்றில் எனக்கு விருப்பமில்லை எனலாம். பாரிஸ் நகருக்கு வந்த இரோக்குவாக் குலத்தலைவன் அங்கிருந்த உணவுக்கடைகளையன்றி வேறெதனையும் மெச்சவில்லை என்பர். அவனைப்போல் உதட்டைப் பிதுக்கலாம். ரூசோவின் வழிநின்று, குடிமக்களின் வியர்வையைத் தேவையற்றவற்றில் விரயஞ் செய்யும் பெரியோரின் செருக்கைச் சாடலாம். கான்ற் இவை யாவற்றையும் மறுக்காது ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கேட்கப்பட்ட வினா இதுவன்று என்பது அவர் முடிபு. அப்பொருளின் வெறுந்தோற்றம் உன் உள்ளத்தில் இன்பம் விளைக்கின்றதா, இல்லையா? அழகு பற்றிய தீர்ப்புக்கு வேண்டியது அவ்வளவே என்கிறார்.

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற விவாதத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு இப்பகுதி புதிதன்று என்று தோன்றக்கூடும். ஆனால் கான்ற் ஏன் ஒரு பூவையோ மலையையோ எடுக்காமல் இவ்விடத்தில் அரண்மனையை எடுத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த கோனிக்ஸ்பேர்க் நகரில் ஓர் அரண்மனை இருந்தது. 1701ஆம் ஆண்டு பிரஷ்யாவின் முதலாவது அரசர் முடிசூடிக்கொண்டது அங்கேதான். 1766 முதல் 1772 வரை அவ்வரண்மனை நூலகத்தில் கான்ற் உதவி நூலகராகச் சம்பளத்துக்கு வேலை செய்தார். அரண்மனை அவருக்குத் தூரத்துக் காட்சியன்று, வேலைத்தலம். வியர்வையைப் பற்றி அறியாமல் அவர் அப்படி எழுதவில்லை. அறிந்தே ஒதுக்கிவைத்தார்.

அவ்வாறு ஒதுக்கிவைத்தல் தகுமா என்பதே இக்கட்டுரையின் வினா. ஜேர்மனிய அரண்மனைகளைப் போல இவ்வினாவுக்கு உரைகல்லாகத் தக்கவை வேறு இல்லை. அவை கட்டப்பட்டன, குண்டுகளால் எரிந்தன, சில பழுதுபார்க்கப்பட்டன, சில வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன, தகர்க்கப்பட்டவற்றுட் சில நம் காலத்தில் மீண்டும் எழுந்துவிட்டன. காணுதல், அழித்தல், மீளக் கட்டுதல் என்ற மூன்று செயல்களுக்கும் ஒரே நீதி பொருந்துமா?

ஜேர்மனியில் இத்துணை அரண்மனைகள் இருப்பதற்குக் காரணம் அந்நாடு ஒரே நாடாக இல்லாதிருந்தமையே. 1648ஆம் ஆண்டு முப்பதாண்டுப் போர் முடிந்தபோது பேரரசரின் பெயரளவான தலைமையின்கீழ் ஏறத்தாழ முந்நூறு ஆட்சிப்புலங்கள் இருந்தன. சில மாகாணமளவு பெரியவை; சில ஒரு பகற்பொழுதில் குதிரையிற் கடக்கத்தக்கவை. பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயி வெர்சாய் மாளிகையைக் கட்டிய பின்னர் இச்சிற்றரசர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெர்சாய் தேவைப்பட்டது. படைபலத்தில் அயலானை விஞ்ச முடியாதவன் படிக்கட்டின் அகலத்தில் விஞ்ச முனைந்தான். திருச்சபையின் ஆயர்களாகவும் நாட்டின் அரசர்களாகவும் ஒருங்கே விளங்கிய இளவரச ஆயர்களும் இதற்கு விலக்கல்லர். அத்தகைய ஆயர்கள் பலரைத் தந்த ஷோன்போர்ன் குடும்பத்தார், கட்டடம் கட்டும் வேட்கையைத் தம்மை அரிக்கும் புழு என்று தாமே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர். அரிக்கப்பட்டது யாருடைய உடல் என்பது வேறு விடயம்.

அக்குடும்பத்தவர் ஒருவர் 1719இல் வூர்ட்ஸ்பூர்க்கின் ஆயரானார். மறு ஆண்டே புதிய அரண்மனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. முன்னைய ஆட்சியிற் பணம் கையாடிய அதிகாரியொருவரிடமிருந்து பறித்த பெருந்தொகை தொடக்கச் செலவுக்கு உதவியது. பீரங்கிப் படையில் பயின்ற பல்தாசர் நொய்மான் என்ற இளம் பொறியியலாளர் அதனைக் கட்டும் பொறுப்பை ஏற்றார். கட்டட உடல் 1744இல் நிறைவெய்தியது. அதன் படிக்கட்டு மண்டபத்தின் மீது நடுவே ஒரு தூணுமின்றி நொய்மான் கவித்த வளைகூரையில் 1752, 1753ஆம் ஆண்டுகளில் வெனிஸ் நகரத்து ஓவியர் தியெப்போலோ உலகின் நான்கு கண்டங்களையும் தீட்டினார். 600 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது அவ்வோவியம்.

நான் இதனைப் படங்களிலன்றி நேரிற் கண்டதில்லை. வெறுந்தோற்றம் பற்றிப் பேசும் கான்ற்றுக்கு இது ஒரு குறையாகத் தோன்றாது என நம்புகிறேன். படத்திற் கண்டவளவிலேயே சொல்லக்கூடியது இது: அமெரிக்கா முதலையின்மீது அமர்ந்திருக்கிறாள், ஆபிரிக்கா ஒட்டகத்தின்மீது, ஆசியா யானையின்மீது. ஐரோப்பா மாத்திரம் அரியணையில் வீற்றிருக்கிறாள். அவளைச் சுற்றிச் சிற்பமும் இசையும் ஓவியமும். கட்டடக்கலைஞர் நொய்மானும் படையுடையில் அங்கே சாய்ந்திருக்கிறார். அவர்களுக்கு மேலே, வானத்தில், புகழ்த்தெய்வங்கள் ஏந்திச்செல்லும் வட்டத்துள் அந்நாளைய ஆயரின் உருவம். விருந்தினன் முதற்படியில் கால்வைக்கும்போது ஓவியத்தின் ஒரு பகுதியே அவனுக்குத் தெரியும். ஏற ஏற மற்றைக் கண்டங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். திரும்பி மேற்றளத்தை அடையும் வேளையில் ஐரோப்பாவும் அதற்கு மேல் ஆயரும் எதிர்ப்படுவர். யானையின் பக்கத்தைச் சேர்ந்த நாம் இவ்வரிசையைக் கவனியாதிருத்தல் அரிது.

இங்கேதான் கான்ற்றின் பிரிப்பு முதன்முறையாகத் தடுமாறுகின்றது என்பேன். அழகு ஒருபுறம், அதனைக் கட்டியவனின் நோக்கம் மறுபுறம் என்று அவர் பிரிக்கிறார். ஆனால் இந்தப் படிக்கட்டில் அழகே அந்த நோக்கத்தின் கருவியாக வேலை செய்கிறது. அக்கால அரண்மனை ஒழுகலாற்றின்படி, வருபவனின் தகுதிக்கேற்ப வீட்டுத்தலைவன் படியிறங்கி வரவேற்பான். உயர்ந்தவனுக்குக் கீழ்வரை இறங்குவான். தாழ்ந்தவனுக்கு மேலேயே நிற்பான். ஒவ்வொரு படியும் ஓர் அளவுகோல். ஏறுபவனின் மூச்சு, அவன் அண்ணாந்து பார்க்கும் கழுத்து, அவன் வாயிலிருந்து தன்னையறியாது எழும் வியப்பொலி ஆகிய அனைத்தும் கணிக்கப்பட்டவை. அழகில் மயங்கியவன் அவ்வளவுக்குப் பணிந்தவனுமாகிறான். இத்தகைய இடத்தில் நோக்கத்தைக் கழித்துவிட்டுத் தோற்றத்தை மட்டும் சுவைப்பேன் என்பது, வழக்கறிஞரின் வாதத்தில் இசையை மட்டும் கேட்பேன் என்பதைப் போன்றது. கேட்கலாம். ஆனால் வாதம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இனி வியர்வைக்கு வருவோம். ரூசோவின் வழிநின்று பேசுவோர் பெரும்பாலும் பொதுப்படையாகப் பேசிவிட்டுப் போய்விடுகின்றனர். கஸ்ஸல் நகரத்தில் அதனைக் கணக்குப் புத்தகத்திலேயே காணலாம். ஹெஸ்ஸ கஸ்ஸல் நாட்டின் ஆட்சியாளர் இரண்டாம் பிரெடெரிக் 1776ஆம் ஆண்டு பிரித்தானிய அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சியை அடக்கத் தம் குடிகளைப் படைவீரராக வாடகைக்கு விடுவதே அதன் சாரம். அப்போரில் ஜேர்மனியச் சிற்றரசுகள் அனுப்பிய ஏறத்தாழ 30,000 வீரருள் பாதிக்கு மேற்பட்டோர் அவருடைய சிறிய நாட்டிலிருந்து சென்றவர்கள். பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. போரிலும் நோயிலும் மாண்டவர் பலர். அங்கேயே தங்கிவிட்டவர் சிலர். பணம் கஸ்ஸலுக்கு வந்தது.

அப்பணம் என்னவாயிற்று? நம் எதிர்பார்ப்பின்படி அது ஆடம்பர மாளிகைகளுக்கும் சென்றது. அவருக்குப்பின் வந்த மகன் வில்ஹெல்ம், தாமும் ஹானோ என்னும் சிறு நாட்டிலிருந்து வீரரை வாடகைக்கு விட்டவர், 1786 முதல் மலைச்சாரலில் வில்ஹெல்ம்ஸ்ஹோஹே என்னும் பேரரண்மனையை எழுப்பினார். ஆனால் தந்தை பிரெடெரிக்கோ 1779இல் கஸ்ஸல் நகர நடுவே பொதுமக்கள் வந்து காணத்தக்க அருங்காட்சியகமொன்றைக் கட்டி முடித்தார். பொதுமக்களுக்கெனவே கட்டப்பட்ட அருங்காட்சியகங்களுள் ஐரோப்பிய நிலப்பரப்பில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று. வரிகள் சிலவற்றையும் அவர் குறைத்தார். அறிவொளிக் காலத்தின் நல்லரசர் என்று அவரைப் புகழ்ந்தோர் பொய் சொல்லவில்லை. குடிகளை விற்றவர் என்று இகழ்ந்தோரும் பொய் சொல்லவில்லை. ஒரே பணம். 1955 முதல் உலகப் புகழ்பெற்ற தற்காலக் கலைக் கண்காட்சி ஒன்று சில ஆண்டுகளுக்கொருமுறை அவ்வருங்காட்சியகத்தை மையமாகக் கொண்டு நடைபெற்று வருகின்றது. அங்கு வைக்கப்படும் ஓவியங்களுட் பல அதிகாரத்தைக் கண்டிப்பவை.

இவ்வாணிகம் அக்காலத்தவர்க்கே மறைபொருளாக இருக்கவில்லை. சில்லர் என்னும் நாடகாசிரியர் 1784இல் அரங்கேறிய காதலும் சூழ்ச்சியும் என்ற நாடகத்தில் இதனை மேடைக்கே கொண்டுவந்தார். சிற்றரசரின் காதற்பெண்ணுக்கு வைரங்கள் பரிசாக வருகின்றன. கொண்டுவந்த முதிய பணியாள், அவற்றின் விலை அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் என்பதையும், தன் மக்களும் அவர்களுள் அடங்குவர் என்பதையும் சொல்கிறான். அந்நகையை அதன்பின் அணிய அவளால் இயலவில்லை. நாடகத்தில் நிகழும் இச்சிறு நிகழ்ச்சி கான்ற்றுக்கு ஒரு மறுப்பாகும் என எண்ணுகிறேன். வைரத்தின் ஒளி முன்னிருந்தபடியே இருக்கிறது. கண்ணும் அதே கண்தான். மாறியது அறிவு மட்டுமே. அறிந்தபின் காண்பது அறியுமுன் கண்டது போலாகாது. அழகைப் பற்றிய தீர்ப்பு மாறவில்லை என்று கான்ற் வாதிடலாம். அத்தீர்ப்புடன் எவ்வாறு வாழ்வது என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

ஆயினும் எல்லா அரண்மனைகளும் ஒரே குற்றப்பத்திரிகைக்கு உட்பட்டவையல்ல. பொட்ஸ்டாமில் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக் 1745 முதல் 1747 வரை கட்டுவித்த சான்சூசி ஒரே தளத்தையுடைய, திராட்சைப் படித்தோட்டத்தின் உச்சியில் அமைந்த சிறு மாளிகை. கவலையின்மை என்பது அதன் பெயரின் பொருள். அருகிலுள்ள காற்றாலையின் இரைச்சலால் எரிச்சலுற்ற அரசர் அதனைப் பறிக்க முனைந்தபோது, பேர்லினில் நீதிமன்றம் இருக்கிறதென்று ஆலைக்காரன் துணிந்து சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர் இதனை ஏற்பதில்லை. ஆனால் அரண்மனைக்கு அருகில் இப்படியொரு கதையை மக்கள் நட்டு வளர்த்தனர் என்பது தானும் வரலாறே. அதே அரசர் ஏழாண்டுப் போரில் நாட்டை வறளச்செய்த பின், 1763இல், வலிமை குன்றவில்லை என்று உலகுக்குக் காட்டும்பொருட்டு அதே தோட்டத்தின் மறுமுனையில் புதிய அரண்மனை என்னும் பெருங் கட்டடத்தைத் தொடங்கினார். அதனை வெற்றுப் பகட்டு என்று அவரே அழைத்தார். ஒரே மனிதர், ஒரே தோட்டம். ஒன்று வாழ்வதற்கு, மற்றொன்று மிரட்டுவதற்கு.

பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக்கின் வழக்கு இன்னும் விசித்திரமானது. 1869இல் அவர் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் தோற்றத்தை வரைந்தவர் ஒரு நாடகத் திரைச்சீலை ஓவியர். படைக்கும் பாதுகாப்புக்கும் அது பயன்படாது, அரசியலுக்கும் பயன்படவில்லை. 1866இல் பிரஷ்யாவிடம் தோற்று, 1871இல் ஜேர்மனியப் பேரரசுக்குள் அடங்கி, அதிகாரம் இழந்த அரசர் தமக்கென ஒரு கனவைக் கல்லில் எழுப்பினார். வரிப்பணத்தில் அன்று, தம் அரச மானியத்திலும் கடனிலுமே கட்டினார். வேலையாட்கள் கூலி பெற்றனர். நோயுற்றோர்க்கு உதவ ஒரு சங்கமும் 1870இல் அமைந்தது. கடன் மில்லியன் கணக்கில் ஏறியபோது அமைச்சர்கள் அவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று பதவி நீக்கினர். 1886 யூன் 13ஆம் நாள் அவர் ஏரியில் இறந்து கிடந்தார். ஏழு வாரங்கள் கழியுமுன்னரே கோட்டை கட்டணத்துக்குத் திறக்கப்பட்டது. அரசரின் பித்து எனப்பட்ட அது இன்று ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஈர்க்கிறது. 2025இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. இடையில் அதற்கு வேறொரு பயனும் கிடைத்தது: பிரான்சிய யூதர்களிடமிருந்து நாசிகள் கொள்ளையிட்ட கலைப்பொருள்களைப் பதுக்கிவைக்கும் கிடங்காக இருந்தது. ஒருவருக்கும் தீங்கு நினையாத கனவுக்கு அதனைவிடப் பொல்லாத விருந்தினர் வாய்த்திருக்க முடியாது. கட்டியவனின் நோக்கத்தை வைத்துக் கட்டடத்துக்குத் தீர்ப்பு எழுதுவோர் இதனையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

1918இல் முடியரசுகள் வீழ்ந்தன. அரண்மனைகள் யாருக்குரியன என்ற வினா உடனே எழுந்தது. 1926 யூன் 20ஆம் நாள் அரசகுடும்பங்களின் சொத்துகளை நட்டஈடின்றி மக்களுடைமையாக்குவது பற்றி நாடெங்கும் வாக்கெடுப்பு நடைபெற்றது. 14 மில்லியனுக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். ஆனால் வாக்குரிமை பெற்றோரில் பாதிப்பேர், அதாவது ஏறத்தாழ 20 மில்லியன்பேர், ஆதரித்தாலன்றி நிறைவேறாது என்ற விதியினால் அது தோற்றது. பின்னர் குடும்பங்களோடு தனித்தனி உடன்பாடுகள் செய்யப்பட்டன. அவ்வழக்குகளின் வாலை நம் காலத்திலும் காணலாம்: ஹோஹென்சொல்லர்ன் குடும்பத்தார் நட்டஈடு கோரித் தொடுத்த வழக்குகளை 2023இல்தான் கைவிட்டனர். நாசிகளின் எழுச்சிக்குக் கணிசமாக உதவியோர்க்கு நட்டஈடில்லை என்ற சட்டவிதியே அவ்வழக்கின் இதயமாக இருந்தது. அரண்மனையின் உரிமையாளர் யார் என்பது இறந்த வினாவன்று.

அழித்தல் பற்றிய பகுதிக்கு வரும்போது பேர்லினைத் தவிர்க்க முடியாது. 1443இல் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்தே அந்நகரத்தவருக்கும் அவ்வரண்மனைக்கும் பகை. 1448இல் நகரத்தார் கிளர்ந்து கட்டடக் குழிக்குள் நீரைத் திறந்துவிட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அந்திரேயாஸ் ஷ்லூற்றர் என்ற சிற்பி அதனை வடஐரோப்பாவின் தலைசிறந்த பரோக் கட்டடங்களுள் ஒன்றாக்கினார். 1848 மார்ச்சில் தடுப்பரண்களில் மாண்ட குடிமக்களின் உடல்கள் அரண்மனை முற்றத்துக்குச் சுமந்துவரப்பட்டன. அரசர் நான்காம் பிரெடெரிக் வில்ஹெல்ம் தொப்பியைக் கழற்றித் தலைவணங்க நேர்ந்தது. 1918 நவம்பர் 9ஆம் நாள் கார்ல் லீப்னெக்ட் அங்கிருந்து சோஷலிசக் குடியரசைப் பிரகடனஞ் செய்தார். அந்தக் கட்டடத்தில் அரசர்களின் வரலாறு மட்டும் இருக்கவில்லை என்பதற்காக இவற்றைக் கூறுகிறேன்.

1945 பெப்ரவரி 3ஆம் நாள் குண்டுவீச்சில் அது எரிந்தது. சுவர்கள் நின்றன, சில மண்டபங்களில் 1946இல் கண்காட்சிகளும் நடந்தன. 1950இல் கிழக்கு ஜேர்மனிய அரசு அதனை வெடிவைத்துத் தகர்த்தது. பிரஷ்ய இராணுவ வெறியின் சின்னம் அகற்றப்படவேண்டும், மக்கள் அணிவகுக்கத் திடல் வேண்டும் என்பன காரணங்கள். நம்மிடையே முற்போக்காகச் சிந்திப்போர் பலர் இதில் ஒரு நியாயத்தைக் காண்கின்றனர். நானும் சிறிது காலம் கண்டேன். ஆனால் இவ்வாதத்தின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. உழைத்தவனே படைப்பவன் என்பது உண்மையாயின், அவ்வரண்மனை கல்தச்சரும் சுண்ணாம்பு குழைத்தோரும் சிற்பிகளும் செய்த பொருள். அதனை அரசரின் சின்னம் என்று சொல்லித் தகர்த்தவர்கள், கட்டடம் அரசருடையது என்ற அரசரின் பேச்சையே நம்பிவிட்டனர். கொள்ளை போன பொருளை மீட்டவன் கொள்ளைக்காரன் மேலுள்ள சினத்தால் அதனை உடைப்பதுண்டோ? இதே கிழக்கு ஜேர்மனிய அரசுதான் சான்சூசியைப் பேணியது, டிரெஸ்டனின் சுவிங்கர் மாளிகையைச் சாம்பலிலிருந்து எழுப்பியது. முதலாளித்துவ மேற்கிலும் பிரவுன்ஷ்வைக் நகர மன்றம் தன் அரண்மனையை 1960இல் இடித்தது. ஆகவே இதனை ஒரு சித்தாந்தத்தின் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது.

குண்டுவீச்சு என்றவுடன் வூர்ட்ஸ்பூர்க்குக்கு ஒருமுறை மீளவேண்டும். 1945 மார்ச் 16ஆம் நாள் மாலை பிரித்தானிய விமானங்கள் இருபது நிமிடங்கள் அளவில் அந்நகரை எரித்தன. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். அரண்மனையின் கூரைகள் எரிந்து வீழ்ந்தன; நொய்மானின் வளைகூரையோ தன்மேல் வீழ்ந்த எரிமரங்களைத் தாங்கி நின்றது. தியெப்போலோவின் ஓவியம் மழைக்குத் திறந்து கிடந்தது. கலைச்சின்னங்களைப் பேணும் பொறுப்பில் வந்த அமெரிக்க அதிகாரி ஜோன் ஸ்கில்ற்றன், அலைந்து மரம் தேடி அதன்மேல் தற்காலிகக் கூரை வேய்வித்தார்.

இச்செயலைப் போற்றாதவர் இல்லை. ஆனால் அக்கோடையில் அந்நகரத்தவர் நிலவறைகளிலும் இடிபாடுகளிலும் உறங்கினர். ஒரு பலகை அன்று ஒரு குடும்பத்தின் கூரை. கண்டங்கள் நான்கும் நனையாதிருக்கப் பிள்ளைகள் நனைவது அறமாகுமா? நான் இவ்வினாவில் நெடுநேரம் தங்கியிருக்கிறேன். வீடு மீண்டும் கட்டத்தக்கது, ஓவியம் மீண்டும் தீட்டத்தகாதது. எனவே ஓவியத்தை முதலிற் காத்தது சரியே என்பது எனக்குத் தோன்றும் விடை. நூல்நிலையத்து மின்விசிறியின்கீழ் இருந்து எழுதும் விடை அது. மழையில் நனைந்த தாயொருத்தி இதனை ஏற்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்காத அவளைக் கலையறியாதவள் என்றும் சொல்லமாட்டேன். இரு நியாயங்களுள் ஒன்றைத் தேர்ந்தபின் மற்றது பொய்யாகிவிடுவதில்லை.

இந்த விடையை இங்கு குறித்ததற்குக் காரணம் உண்டு. மீண்டும் செய்யமுடியாமை என்பது பேணுதலுக்கு நியாயமாயின், அதே நியாயம் மீளக் கட்டுதலுக்குப் பொருந்தாது. எதனை எப்போது வேண்டுமாயினும் வரைபடத்தைப் பார்த்துக் கட்டமுடியுமோ, அதனை இன்றே கட்டவேண்டிய கட்டாயமில்லை. காலம் அங்கே வழக்காடுவதில்லை. கட்டுபவன் தானே தேர்ந்து கட்டுகிறான். தேர்ந்தவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன்.

பேர்லின் அரண்மனை இருந்த இடத்தில் 1976இல் குடியரசு மாளிகை திறக்கப்பட்டது. கிழக்கு ஜேர்மனியப் பாராளுமன்றம் அதிற் கூடியது. அதே கூரையின்கீழ் உணவுச்சாலைகளும் அரங்கும் பந்துருட்டு விளையாட்டுக்கூடமும் இருந்தன. இரோக்குவாக் குலத்தலைவன் அதனை மெச்சியிருப்பான். சுதந்திரமற்ற நாட்டில் மக்கள் மகிழ்ந்த இடமாக அது இருந்தது, இரண்டும் உண்மை. 1990 ஓகஸ்டில் அங்கு கூடிய மன்றம், மேற்குடன் இணைவதென வாக்களித்தது. அடுத்த மாதமே அஸ்பெஸ்ரஸ் நச்சுக் காரணமாக மாளிகை மூடப்பட்டது. நச்சு நீக்கப்பட்ட பின்னரும் அது மீளத் திறக்கப்படவில்லை. 2002இல் ஜேர்மனியப் பாராளுமன்றம் பழைய அரண்மனையின் வெளித்தோற்றத்தைத் திரும்ப எழுப்பத் தீர்மானித்தது. 2006 முதல் 2008 வரை குடியரசு மாளிகை இடிக்கப்பட்டது. 1950இன் தவறைத் திருத்துகிறோம் என்றவர்கள் 1950ஐயே மீள நிகழ்த்தினர்: விரும்பாத ஆட்சியின் சின்னத்தை அகற்றுதல்.

இத்தாலியக் கட்டடக்கலைஞர் பிராங்கோ ஸ்ரெல்லாவின் திட்டப்படி 2013இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020இன் இறுதியில் வேலை முடிந்தது. 2021 யூலையில் மக்கள் உள்ளே சென்றனர். செலவு ஏறத்தாழ 680 மில்லியன் யூரோ. அதில் 100 மில்லியனுக்கு மேற்பட்ட தொகை முகப்புகளுக்கென மக்கள் நன்கொடையாகத் தந்தது. மூன்று புறங்களில் ஷ்லூற்றரின் பரோக் முகப்பு. ஆற்றை நோக்கிய கிழக்குப் புறத்தில் அலங்காரமற்ற தற்காலச் சுவர். முகப்புக்குப் பின்னால் கொங்கிறீற்று. கல்லில் வேலை செய்தவர்களைக் குறைசொல்ல இடமில்லை. பழைய புகைப்படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் பார்த்து ஆயிரக்கணக்கான சிற்பக் கூறுகளைச் செதுக்கிய அவர்களது கைத்திறனை ஷ்லூற்றரும் ஏற்றிருப்பார். கான்ற்றின் கேள்வியை இங்கே கேட்டால், ஆம், அழகாக இருக்கிறது என்றே விடை வரும். தோற்றம் ஒன்றாயின் தீர்ப்பும் ஒன்றாகவேண்டும். மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேற்றுமையைக் காணக் கான்ற்றின் கண்ணாடி உதவாது.

நகலெடுப்பது தானாகவே குற்றம் என்று நான் கருதவில்லை. வார்சோவின் அரச மாளிகையை 1944இல் நாசிகள் திட்டமிட்டு வெடிவைத்துத் தகர்த்தனர்; போலந்து மக்கள் 1971 முதல் 1984 வரை தம் நன்கொடையில் அதனை மீள எழுப்பினர். நீ எங்களை அழிக்கவில்லை என்று கொலைகாரனுக்குச் சொன்ன மறுமொழி அது. பேர்லின் யாருக்கு எதனைச் சொல்கிறது? பொட்ஸ்டாமில் மாநில மன்றத்துக்காக 2014இல் திறக்கப்பட்ட நகர அரண்மனைக்குக் குறைந்தபட்சம் ஒரு நகைச்சுவை உண்டு. இது அரண்மனையன்று என்று அதன் சுவரிலேயே பிரான்சிய மொழியிற் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பிரவுன்ஷ்வைக்கின் மீளெழுந்த அரண்மனை முகப்புக்குப் பின்னால் 2007 முதல் பெரும் வணிக நிலையம் இயங்குகிறது. இதுவும் ஒருவகையில் நேர்மைதான். இன்றைய அரசர் யார் என்பதை மறைக்கவில்லை.

பேர்லினில் உள்ளே என்ன வைப்பது என்ற வினாவுக்குக் கிடைத்த விடையே என்னை அதிகம் உறுத்துகிறது. ஹும்போல்ட் சகோதரர்களின் பெயரைச் சூட்டி, ஆபிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, ஓசியானியா ஆகியவற்றின் இனவியற் சேகரங்களை அங்கு குடியேற்றினர். அவற்றுட் பல குடியேற்ற ஆட்சிக்காலத்தில் சேர்ந்தவை. உலகை வரவேற்கும் இல்லம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். வூர்ட்ஸ்பூர்க்கின் கூரையை அறிந்தவர்க்கு இது பழைய ஓவியமாகத் தோன்றும். அங்கே கண்டங்கள் வண்ணத்தில் வந்து ஆயரின் காலடியிற் கூடின. இங்கே பொருளாகவே வந்து கண்ணாடிப் பெட்டியில் அமர்ந்தன. ஆனால் இம்முறை ஓவியத்தில் இருந்தவர்கள் பேசத் தொடங்கினர். 1897இல் பிரித்தானியப் படை கொள்ளையிட்டு, பின்னர் விற்பனை வழியாகப் பேர்லினை அடைந்த பெனின் வெண்கலச் சிற்பங்களின் உரிமையை 2022இல் நைஜீரியாவுக்கு மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. சில திரும்பிச் சென்றன. சில இரவலாக அங்கேயே இருக்கின்றன. முகப்பைக் கட்டியிராவிடில் இவ்விவாதம் இத்துணைக் கூர்மை பெற்றிருக்குமா என்பது ஐயமே. அரண்மனை தன்னையறியாமல் ஒரு நன்மை செய்திருக்கிறது. கஸ்ஸல் அருங்காட்சியகத்தைப் போல.

அரண்மனையின் கவிமாடமும் அதன்மேற் சிலுவையும் 2020இல் ஏற்றப்பட்டன. அவற்றைச் சுற்றியோடும் வேதாகம வாசகம் எல்லா முழங்கால்களும் இயேசுவின் பெயரில் மடங்கவேண்டும் என்ற கருத்துடையது. அக்கவிமாடத்தை முதன்முதலில் முடித்தவர், 1848இல் பிணங்களுக்கு முன்னே தலைவணங்கிய அதே அரசர். மறு ஆண்டு மக்கள் பிரதிநிதிகள் நீட்டிய மணிமுடியை மறுத்து, தம் அதிகாரம் இறைவனிடமிருந்தே வந்தது என நின்றவர். முழங்கால் யாருடையது என்பதில் அவருக்கு ஐயம் இருந்திருக்காது. 2020இல் அதனை மீளப் பொறித்தவர்களோ வரலாற்றுத் துல்லியம் என்றனர். துல்லியம் என்பது காரணமாகாது. முற்றத்தில் கிடத்தப்பட்ட உடல்களும் வரலாறே. அவற்றை யாரும் செதுக்கவில்லை.

1950இல் எல்லாவற்றையும் தகர்த்தபோது கிழக்கு ஜேர்மனிய அரசு ஒன்றைமட்டும் விட்டுவைத்தது. லீப்னெக்ட் குடியரசை அறிவித்த மாடத்தையுடைய நான்காம் வாயிலின் கற்களை எடுத்துவைத்து, 1964இல் நிறைவெய்திய அரச மன்றக் கட்டடத்தின் முகப்பிற் பதித்தனர். பழைய கற்கள் சிலவும் புதியன பலவும் கலந்த வாயில் அது. அதனுள்ளே 2006 முதல் வணிக முகாமைத்துவக் கல்லூரியொன்று இருக்கிறது. புதிய அரண்மனையைக் கட்டியபோது அதே நான்காம் வாயிலை அதன் பழைய இடத்தில் மறுபடியும் செய்தார்கள். இப்போது அவ்வாயில் இரண்டு: ஒன்று சதுக்கத்தின் தென்புறத்தில், மற்றொன்று அரண்மனையின் வடபுறத்தில். ஓரிடத்தில் நின்று இரண்டையும் காண இயலாது. காண விரும்புபவன் கட்டடத்தைச் சுற்றி நடந்து செல்லவேண்டும்.